ரிமோட் பிளக் சாக்கெட்: விளக்குக்குச் சரி, மோட்டாருக்கு வேண்டாம்

பீரோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பிளக் பாயிண்ட், முட்டி வலியால் குனிய முடியாத பெரியவர்கள், இந்த இரண்டில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் ரிமோட் சாக்கெட் வாங்கலாம். நான் வாங்கியது மூன்று சாக்கெட்டும் ஒரு ரிமோட்டும் கொண்ட செட். சுவர் பாயிண்டில் இதைச் செருகி, இதன்மேல் விளக்கின் பிளக்கைச் செருகினால் வேலை முடிந்தது. ஆப் கிடையாது, வைஃபை பாஸ்வேர்டு கிடையாது, அதுவே பெரிய நிம்மதி. 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் வேலை செய்வதால் டிவி ரிமோட் மாதிரி நேரே நீட்ட வேண்டியதில்லை, ஹாலில் உட்கார்ந்தபடியே வாசல் விளக்கை அணைக்கலாம். செங்கல் சுவரைத் தாண்டுகிறது, கான்கிரீட் தளத்தைத் தாண்டி மொட்டை மாடிக்கு என்றால் தடுமாறுகிறது.

அட்டைப்பெட்டியில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கிறார்கள். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 2300 வாட் வருகிறது, அப்படியானால் 2000 வாட் கீசர் ஓடுமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். நீங்கள் செருகும் சுவர் பாயிண்ட் 6 ஆம்பியர் என்றால் பெட்டி என்ன சொன்னாலும் வரம்பு 1380 வாட்தான். உள்ளே இருப்பதும் ஒரு சின்ன ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். முழு லோடில் நீண்ட நேரம் ஓடினால் அது சூடாகும், பிளாஸ்டிக் இளகும். இஸ்திரிப் பெட்டிக்கும் இதே பேச்சுதான், அங்கே கூடுதலாக ஒரு பயம்: பக்கத்து அறையில் யாரோ தவறான பட்டனை அழுத்தினால் கட்டிலில் கிடக்கும் பெட்டி சூடேற ஆரம்பித்துவிடும்.

தண்ணீர் மோட்டார் இன்னும் மோசம். கிளம்பும் நொடியில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அந்தப் பொறியில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம், அப்புறம் நீங்கள் ஆஃப் அழுத்திக்கொண்டே இருக்க டேங்க் வழிந்துகொண்டே இருக்கும். ரிமோட்டில் மோட்டார் வேண்டும் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கான்டாக்டர் (பெரிய லோடைத் தாங்கும் ரிலே) வைத்த பேனலாகப் போடச் சொல்லுங்கள்.

பெட்டியில் புல்வெளிப் படம் அழகாக இருக்கிறது, ஆனால் தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண் எங்கேயும் இல்லை. குறைந்தது ஐபி44 என்று எழுதாத எதையும் தோட்டத்தில் வைக்காதீர்கள், எழுதியிருந்தாலும் அது தெறிக்கும் தண்ணீருக்குத்தான், ஹோஸை நேரே பீய்ச்சுவதற்கு இல்லை. நான் சாக்கெட்டை வராந்தாவுக்குள்ளேயே வைத்து, வெளியில் போட ஏற்ற வயரை மட்டும் செடிப்பக்கம் கொண்டுபோயிருக்கிறேன். அந்த லைனில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: ரிமோட்டில் அணைத்தால் பெரும்பாலும் ஒரு கம்பிதான் துண்டாகிறது. வீட்டு ஒயரிங்கில் கரண்ட் வரும் பேஸ் கம்பியும் அது திரும்பும் நியூட்ரல் கம்பியும் மாறியிருந்தால் (நம்மூரில் இது சகஜம்) விளக்கு அணைந்திருக்கும், கரண்ட் உள்ளே இருக்கும். நீரூற்று பம்பில் கைவைக்கும் முன் பிளக்கையே பிடுங்குங்கள்.

கரண்ட் போய் வந்தால் என் செட் ஆஃபிலேயே நிற்கிறது, அது நல்லது. சில மாடல்கள் பழைய நிலைக்குத் திரும்பும், கடையிலேயே சோதித்து வாங்குங்கள். ரிமோட்டுக்கு 12 வோல்ட் 23ஏ பேட்டரி, தெருமுனைக் கடையில் கிடைக்காது, கூடவே ஒன்று வாங்கிவிடுங்கள். சீரியல் பல்பு, டேபிள் ஃபேன், வாசல் விளக்கு, இவற்றுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு நான்கு தருவேன்.