சிங்கப்பூரில் வெளிநாட்டு டெவலப்பருக்கு "70 சதவீத அரசு மானியம்": முன்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனிகளைத்தான் இந்த ஏஜெண்டுகள் தேடிப் பிடிக்கிறார்கள். பேச்சு எப்போதும் ஒன்றுதான். "சென்னையிலிருந்தோ மணிலாவிலிருந்தோ ஆளை எடுங்கள். எம்ப்ளாய்மெண்ட் பாஸை (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி) நாங்கள் போட்டுத் தருகிறோம். சம்பளத்தில் 70 சதவீதம் அரசு மானியமாக வந்துவிடும். விண்ணப்பச் செலவுக்கு முன்பணம் மட்டும் கட்டுங்கள்." கட்டிய பிறகு பல வாரம் "ப்ராசஸிங்" என்பார்கள். கடைசியில் மானியம் நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி வரும். பணத்தைக் கேட்டால், முன்பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டுவார்கள்.

அப்படியொரு மானியமே கிடையாது. ஆனால் 70 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை, அதனால்தான் விவரமானவர்களும் ஏமாறுகிறார்கள். கரியர் கன்வர்ஷன் புரோகிராம் என்ற அரசுத் திட்டத்தில் பொதுவாகச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை உதவி உண்டு. அது சிங்கப்பூரர்களையும் நிரந்தரவாசிகளையும் வேலைக்கு எடுத்துப் பயிற்சி தருவதற்கு மட்டும். இன்னொரு 70, நடைமுறை மூலதனக் கடன் திட்டத்தில் புதிய கம்பெனிகளுக்கு அரசு ஏற்கும் நட்டப் பங்கு. கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் வங்கிக்கு ஏற்படும் இழப்பில் அரசு எடுத்துக்கொள்ளும் பங்கு அது. வாங்கியவர் முழுக் கடனையும் கட்டியே ஆகவேண்டும். இயக்குநரின் சொந்த உத்தரவாதத்தையும் வங்கி பெரும்பாலும் கேட்கும். ஏஜெண்டின் ஸ்லைடில் இந்த இரண்டும் ஒரே வரியாகிவிடுகின்றன.

அடுத்த தூண்டில் பிஎஸ்ஜி (Productivity Solutions Grant) என்ற அரசு மானியம். அரசு அங்கீகரித்த மென்பொருளை வாங்கினால் செலவில் பாதி வரை கிடைக்கும் உண்மையான மானியம்தான். "மென்பொருளை வாங்கியதாகக் கணக்குக் காட்டுங்கள், உங்கள் பங்கை விற்பனையாளரே திருப்பித் தருவார், மானியத்தை ஆள் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். இது மோசடி. மாட்டினால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு விஷயம் முடியாது, போலீஸ் வழக்கும் வரும். பிஎஸ்ஜியில் பணம் கோரிக்கைக்குப் பிறகுதான் வரும், முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகவேண்டும். அதைவிட, விண்ணப்பிக்கும் முன்பே விற்பனையாளருக்குப் பணம் கட்டியிருந்தால் தகுதியே போய்விடும். "இடத்தைப் பிடித்து வைக்க டெபாசிட்" என்று வாங்குகிறவர் உங்கள் விண்ணப்பத்தை அன்றைக்கே கெடுத்துவிடுகிறார்.

"சம்பளத்தில் ஒரு பகுதியை ஊழியரே மாதாமாதம் திருப்பித் தரட்டும்" என்று யாராவது யோசனை சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வேலை கொடுப்பதற்காக வெளிநாட்டு ஊழியரிடம் பணம் வாங்குவது குற்றம்: 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை முதலாளிக்கு, ஏஜெண்ட் அதற்குள் நம்பரை மாற்றியிருப்பார்.

பாஸ் போடும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மனிதவள அமைச்சின் கட்டணம் விண்ணப்பத்துக்கு 105 வெள்ளி, பாஸ் கிடைத்ததும் 225. மொத்தம் 330. கம்பெனியே நேரடியாக ஆன்லைனில் போடலாம். கிடைக்குமா என்பதை அமைச்சின் தளத்திலுள்ள சுய மதிப்பீட்டுக் கருவியில் இலவசமாகப் பார்க்கலாம். இந்தப் பாஸுக்கான புள்ளி முறையான காம்பஸில் தேவை 40 புள்ளி. நிபுணர், நிர்வாகி, தொழில்நுட்பர் தரத்தில் 25 பேருக்குக் குறைவாக உள்ள கம்பெனிக்கு, ஊழியர் பன்முகத்தன்மை, உள்ளூர் வேலைவாய்ப்பு ஆகிய இரண்டிலும் தலா 10 தானாகவே கிடைக்கும். மீதி 20 சம்பளத்திலும் படிப்பிலும் வரவேண்டும். சம்பளத்திலேயே 20 வந்துவிட்டால் பட்டத்தைக் காட்டத் தேவையில்லை. காட்டினால் அதைச் சரிபார்க்கும் செலவு உங்களுடையது. பலர் இதைத் தெரியாமல் வீணாகச் செலவழிக்கிறார்கள். 10 பேருக்குக் குறைவான கம்பெனிக்கு விண்ணப்பிக்கும் முன் 14 நாள் வேலை விளம்பரம் செய்வதும் கட்டாயமில்லை.

உண்மையான செலவு சம்பளம்தான். 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சம் 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200, வயதுக்கேற்ப ஏறும். 5,600 என்றாலே ஆண்டுக்கு 67,200. இந்தப் பாஸுக்கு லெவியும் (வெளிநாட்டு ஊழியருக்கு அரசுக்குக் கட்டும் வரி) சிபிஎஃப்பும் (கட்டாய சேமநிதி) இல்லை என்பது மட்டும் ஆறுதல். பணம் போதாவிட்டால், மேலே சொன்ன நடைமுறை மூலதனக் கடனை வங்கியில் நேரடியாகக் கேளுங்கள். உச்சவரம்பு 500,000 வெள்ளி. பங்குகளில் குறைந்தது 30 சதவீதம் உள்ளூரார் கையில் இருக்கவேண்டும். இதற்கு இடைத்தரகர் தேவையே இல்லை.

ஏஜெண்ட் வேண்டும் என்றால், உரிம எண்ணை வாங்கி அமைச்சின் முகவர் நிறுவனப் பட்டியலில் தேடுங்கள். கம்பெனி பெயர் இருந்தால் போதாது, உங்களிடம் பேசுகிற ஆளின் பெயரும் பதிவில் இருக்கவேண்டும். அரசு சேவைகளுக்கான உங்கள் சொந்த இணையக் கணக்கான சிங்பாஸின் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். கம்பெனிக்கான கார்ப்பாஸ் கணக்கில் தேவையான ஒரு சேவைக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, ஒப்பந்தம் எல்லாவற்றையும் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். 20,000 வெள்ளி வரையிலான தகராறுக்கு சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, கால வரம்பு இரண்டு ஆண்டு. உரிமமில்லாத ஏஜெண்ட் என்றால் மனிதவள அமைச்சிலும், பொய் சொல்லிப் பணம் பறித்திருந்தால் போலீசிலும் புகார் கொடுங்கள். மோசடியா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் மோசடி உதவி எண்ணான 1799-இல் கேட்கலாம்.