குமுளி கடையில் விண்டோஸ், கம்பம் வீட்டில் உபுண்டு: ரிமோட் டெஸ்க்டாப் பயன்பாட்டு அனுபவம்

ஏலக்காய்க் கடை குமுளியில். கணக்கு மென்பொருளான டேலி ஓடுவது அங்கிருக்கும் விண்டோஸ் மெஷினில். கணக்கு எழுதுபவர் மலைக்குக் கீழே கம்பத்தில், உபுண்டு லேப்டாப்போடு. இந்த அமைப்புக்கு நீண்ட நாள் தாக்குப்பிடித்தது மூன்றும் சேர்ந்த கூட்டு: தூரத்து விண்டோஸ் திரையை இயக்கும் ஆர்டிபி, உபுண்டுவில் அதைத் திறக்கும் ரெம்மினா செயலி, இரண்டு மெஷினையும் தனி நெட்வொர்க்கில் இணைக்கும் டெயில்ஸ்கேல்.

முதல் தடை விண்டோஸ் ஹோம் பதிப்பு. வெளியிலிருந்து வரும் ஆர்டிபி இணைப்பை அது ஏற்காது, ப்ரோ வேண்டும். ஹோம்தான் இருக்கிறது என்றால் ரஸ்ட்டெஸ்க் என்ற வேறொரு ரிமோட் செயலி போதும். ஆர்டிபி வழியாக, பாஸ்வேர்டே இல்லாத அக்கவுன்ட்டில் நுழைய முடியாது. தினமும் அடிக்கும் பின் நம்பரும் இங்கே செல்லாது.

ஆர்டிபி பயன்படுத்தும் 3389 போர்ட்டை ரூட்டரில் திறந்துவிடுவது வேண்டவே வேண்டாம். 2019இல் தெரியவந்த ப்ளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை, பழைய விண்டோஸ்களில் வெளியாட்கள் இந்த வழியாக நுழைய இடம் கொடுத்தது. மொபைல் நெட்டில் வெளியிலிருந்து அடையக்கூடிய தனி ஐபி முகவரியும் பெரும்பாலும் கிடைக்காது, திறந்தும் பயனில்லை. டெயில்ஸ்கேல் தரும் 100 என்று தொடங்கும் முகவரியை ரெம்மினாவில் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அதில் இரண்டு பொறி உண்டு. விண்டோஸில் யாராவது லாகின் செய்தால்தான் அது இணையும். அதைத் தவிர்க்க டெயில்ஸ்கேலில் 'ரன் அன்அட்டெண்டட்' டிக் செய்ய வேண்டும். அடுத்தது, மெஷினை அடையாளம் காட்டும் டெயில்ஸ்கேல் சாவி (கீ) 180 நாளில் காலாவதியாகும். கடை மெஷினுக்கு மட்டும் கீ எக்ஸ்பைரியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் காலையில் மெஷின் காணாமல் போகும்.

இடுக்கிப் பக்கம் துலா மழையில் இடி இடித்தால் கரண்ட் போவது சகஜம். கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழ, பயாஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை பவர் ஆன் ஆக்குங்கள். ஸ்லீப்பை நெவரில் வையுங்கள். இந்த இரண்டும் சரியாக இல்லையென்றால் மற்ற எல்லாம் வீண்.

தமிழ் தட்டச்சில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆர்டிபி அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை. அதனால் தமிழ்99 விசைப்பலகையை விண்டோஸில் சேர்க்க வேண்டும். உபுண்டு பக்கம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். இரண்டு பக்கமும் தமிழில் வைத்தால் குழப்பம்தான். ஆல்ட்+டேப் கடை மெஷினுக்குப் போகவில்லையா? வலது கன்ட்ரோலை ஒருமுறை தட்டுங்கள், விசைப்பலகை முழுதும் அந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

நெட் மந்தமாக இருந்தால் ரெம்மினாவில் நிற ஆழத்தை 16 பிட்டாக்கி, ஒலியை நிறுத்துங்கள். டேலி திரைக்கு அதுவே தாராளம். அப்போதும் இழுத்தால் டெயில்ஸ்கேல் பிங் கொடுத்துப் பாருங்கள். டெர்ப் வழி என்று காட்டினால் நேரடி இணைப்பு இல்லை, டெயில்ஸ்கேலின் இடைச் சர்வர் (ரிலே) வழியாகச் சுற்றி வருகிறது. காப்பி பேஸ்ட் நின்றுபோனால் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில், காப்பி பேஸ்ட்டைக் கையாளும் ஆர்டிபிக்ளிப்பை (rdpclip) மூடித் திரும்ப ஓட்டினால் சரியாகும்.

பெரிய குறை ஒன்று உண்டு. ப்ரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். கீழே இருந்து நுழைந்ததும் கடைத் திரை பூட்டிக்கொள்ளும். புற்றடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் நாளில், பில் பாதியில் நிற்க, "அண்ணே, ஸ்கிரீன் பூட்டிக்கிச்சு" என்று போன் வரும். இருவரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டிய வேலைக்கு திரையை அப்படியே பகிரும் விஎன்சி அல்லது ரஸ்ட்டெஸ்க்தான் சரி. கொஞ்சம் இழுத்தாலும் யாரையும் வெளியே தள்ளாது.

பிரிண்டர் பகிர்வோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரெம்மினாவில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து, பில்லை பிடிஎஃப் ஆக அதில் சேமித்து, கம்பத்திலேயே அச்சடித்துக்கொள்ளலாம்.