வெளியே சட்டம், உள்ளே அடைத்த பலகை: மச்சுக்குக் காற்றுத் திறப்பு வைப்போர் கவனத்திற்கு

சாய்கூரை வீட்டின் மச்சில், அதாவது கூரைக்கு நேர் கீழேயுள்ள வெற்றிடத்தில், தேங்கும் வெப்பமும் ஈரமும் வெளியேறுவதற்காக, கூரையின் இரு முனைகளிலும் உள்ள முக்கோணச் சுவர்களில் காற்றுத் திறப்புகள் வைக்கும் பணியை ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்திருந்தேன். வேலை ஒரே நாளில் முடிந்தது. தரையில் நின்று பார்த்தபோது இரு பக்கமும் சீராகவே தெரிந்ததால், மச்சுக்குள் ஏறிப் பார்க்காமலே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன்.

அடுத்து வந்த குளிர்காலத்தில் கூரைப் பலகைகளில் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. ஆணி முனைகளில் நீர்த்துளிகள் தொங்கின. நண்பகலில் மச்சில் ஏறி விளக்கை அணைத்தேன். ஒரு சுவரில், திறப்பில் மழை புகாதபடி சரிவாக அடுக்கிய சாய்தகடுகளின் இடுக்கு வழியே வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. எதிர்ச் சுவரோ முழு இருட்டு. அந்தப் பக்கம் சுவர்ப் பலகையை அறுக்கவே இல்லை. வெளிப்புறத்தில் சட்டத்தை மட்டும் திருகி முடுக்கி, திறப்பு போலக் காட்டியிருக்கிறார்கள். அலங்காரத்துக்கென்றே இப்படித் திறப்பில்லாத சட்டங்கள் விற்கப்படுவது உண்மைதான். ஆனால் நான் கேட்டதும் பணம் கொடுத்ததும் அதற்காக அல்ல. இவ்வகைத் திறப்புகள் காற்றின் அழுத்தத்தை நம்பியே இயங்குகின்றன. ஒரு முனையில் நுழையும் காற்று மறுமுனை வழியாக வெளியேற வேண்டும். மறுமுனை அடைபட்டிருந்தால் மச்சின் பெரும்பகுதியில் காற்று அசைவதே இல்லை.

அளவிலும் ஏமாற்று இருந்தது. என் மச்சின் தரைப்பரப்பு 90 சதுர மீட்டர். பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதிப்படி, தரைப்பரப்பில் 150-இல் ஒரு பங்கு, அதாவது 0.6 சதுர மீட்டர், காற்று தடையின்றிச் செல்லும் பரப்பாக இருக்க வேண்டும். 60-க்கு 90 சென்டிமீட்டர் சட்டங்கள் இரண்டு வைத்தால் 1 சதுர மீட்டருக்கும் மேல் வருகிறதே என்று ஒப்பந்தக்காரர் கணக்குச் சொன்னார், நானும் நம்பினேன். அவர் சொன்னது சட்டத்தின் வெளி அளவு. சாய்தகடுகளும் பூச்சி வலையும் அடைத்துக்கொள்ளும் இடம் போக எஞ்சும் பரப்பு, பொருளின் பின்புறத்திலேயே 0.25 சதுர மீட்டர் என்று அச்சிடப்பட்டிருந்தது. இரண்டும் ஒழுங்காகத் திறந்திருந்தாலும் 0.5 தான் கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்ததோ அதிலும் பாதி.

முறையிட்டபோது, தவற்றைச் சரிசெய்வதற்குப் பதிலாக, மச்சில் ஒரு மின்விசிறி வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலும் ஒரு செலவை முன்வைத்தார். போதிய நுழைவழி இல்லாத மச்சில் விசிறி ஓடினால், அது வீட்டுக்குள்ளிருக்கும் காற்றையே அறைகளின் உட்கூரை இடுக்குகள் வழியாக மேலே உறிஞ்சும். குளிர்காலத்தில் அந்தக் காற்றோடு ஈரமும் ஏறும். ஈரக்காற்றை வெளியேற்ற வேண்டிய குளியலறை விசிறியின் குழாய் மச்சுக்குள்ளேயே திறந்திருந்ததை அவருடைய ஆட்கள் பார்த்திருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

திறந்திருந்த பக்கத்திலும் சட்டத்தின் மேல்விளிம்பில் நீர்த்தடுப்புத் தகடு செருகாமல், பசையை மட்டும் தடவியிருந்தார்கள். அது வெடித்து, மழைநீர் சுவர்ச் சட்டங்களுக்குள் இறங்கியிருந்தது.

ஆகவே, இந்த வேலையைத் தரப்போகிறவர்கள், சட்டத்தின் வெளி அளவை அல்ல, காற்று செல்லும் நிகரப் பரப்பை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கூரை முகட்டில் ஏற்கெனவே திறப்பு இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால், இறவாரத்திலிருந்து ஏற வேண்டிய காற்றுக்குப் பதிலாகப் முக்கோணச் சுவர்த் திறப்பின் காற்றே முகட்டு வழியாகச் சுற்றிப் போய்விடக்கூடும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், பகல் வெளிச்சம் இருக்கும்போதே மச்சில் ஏறி, இரு முனைகளிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

இப்போது வேறொரு தச்சரைக் கொண்டு இரு சுவர்களிலும் பெரிய திறப்புகள் வைத்து, குளியலறைக் குழாயையும் வெளியே திருப்பியிருக்கிறேன். பூஞ்சை பிடித்த பலகைகளில் ஆறு மாற்ற வேண்டியதாயிற்று. பழைய ஒப்பந்தக்காரரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.