பாபநாசம் படித்துறையும் ஒரு 67 மி.மீ. போலரைசரும்

பாபநாசம் கோயிலுக்கு எதிரே தாமிரபரணிப் படித்துறையில் மீன்கள் கூட்டமாக வரும். பொரி போட்டால் கால்விரலைக்கூடச் சும்மா விடாது. அவற்றைப் படம் பிடிக்க மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் படத்தில் வந்தது வானம்தான். தண்ணீர் மேல் வெள்ளை வெளேரென்று வானம், அதற்கு அடியில் மீன் என்று நம்பச் சொல்லும் ஒன்றிரண்டு சாம்பல் கோடுகள். நாலாவது தடவை லென்ஸ் முன்னால் ஒரு போலரைசரை, அதாவது பளபளப்பை வெட்டும் கண்ணாடி ஃபில்டரைத் திருகிக்கொண்டு போய் நின்றேன். முன் வளையத்தைக் கால் சுற்று திருப்பியதும் வெள்ளை மொத்தமும் வடிந்துவிட்டது. தண்ணீரே இல்லாத இடத்தில் மீன்கள் அந்தரத்தில் நிற்பது போல இருந்தது. கேமராத் திரையை எட்டிப் பார்த்த மகள், "எப்பா, இது நம்ம ஆறாப்பா?" என்று கேட்டாள்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. ஃபில்டர், ஹோயா கம்பெனியின் 67 மி.மீ. சர்குலர் போலரைசர். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து வாங்கினேன். இதற்கு முன்னும் பின்னும் வேறு மூன்று ஃபில்டர்கள் வாங்கியிருக்கிறேன், அந்தக் கதையும் வரும். பையை விட்டு இறங்காதது இது மட்டும்தான். நிறத்தைக் கூட்டுவதற்கும் ஓரத்தை இருட்டாக்குவதற்கும் கம்ப்யூட்டரில் வழி உண்டு. பளபளப்புக்கு அடியில் மறைந்துபோன மீனை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வேண்டுமானால் புதிதாக ஒரு மீனை வரைந்து தரும்.

முதலில் அளவு. 50 எம்.எம். லென்ஸுக்கு 50 எம்.எம். ஃபில்டர் கேட்டுக் கடைக்குப் போன ஆள் நான். லென்ஸ் பெயரில் வரும் எண் வேறு, ஃபில்டர் எண் வேறு. லென்ஸின் முன்பக்கத்தில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ஒரு குறி இருக்கும், அதற்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஃபில்டர் அளவு. என்னிடம் இருப்பது கேனான். 18-135, 10-18 லென்ஸ் இரண்டுக்கும் 67. 55-250 எஸ்.டி.எம். லென்ஸுக்கு 58. அந்த 50-க்கு 49. நான்கு லென்ஸுக்கு மூன்று போலரைசர் வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே பெரிய அளவில் ஒன்றை வாங்கி, மற்ற இரண்டு அளவுக்கும் ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொண்டேன். வெறும் உலோக வளையம், கண்ணாடி கிடையாது, ஒன்று இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. சின்ன ஃபில்டரைப் பெரிய லென்ஸில் மாட்டும் வேலை மட்டும் வேண்டாம், நாலு மூலையும் கருத்துவிடும்.

கடையில் முதலில் என் முன்னால் வைத்தது மூன்று ஃபில்டர் அடங்கிய ஒரு செட். யூவி, சி.பி.எல். (சர்குலர் போலரைசரின் சுருக்கம்), எஃப்.எல்.டி. மூன்றும் சேர்த்து எண்ணூறு ரூபாய். எஃப்.எல்.டி. என்பது பிலிம் காலத்துச் சரக்கு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிலிமில் படியும் பச்சையைப் போக்க வந்த ஊதா நிறக் கண்ணாடி. டிஜிட்டலில் அந்த வேலையை ஒயிட் பேலன்ஸ் செய்துவிடுகிறது. செட்டில் இருந்த போலரைசரை லேப்டாப் திரைக்கு நேரே பிடித்து, கேமராவில் மாட்டும் பக்கம் கண்ணைப் பார்த்திருக்கும்படி வைத்துச் சுற்றினேன். நல்ல போலரைசர் என்றால் ஒரு நிலையில் திரை கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட வேண்டும். அதில் கருநீலம் வரைதான் வந்தது. வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீங்களும் லேப்டாப்போடு போங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

சர்குலர் என்றதும் வட்ட வடிவம் என்று நினைத்துவிட வேண்டாம். முன்னால், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் சாதாரண நேர்கோட்டுப் போலரைசர், அதற்குப் பின்னால் ஒளியின் அதிர்வைச் சுழல வைக்கும் இன்னொரு மெல்லிய படலம், இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அது. முதல் படலத்தோடு நிறுத்திவிட்டால் டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் கண்ணாடி அமைப்பு ஆட்டோ ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் தவறாகக் காட்டக்கூடும்.

மாட்டினாலே போதும் என்று நினைத்து முதல் மாதம் ஏமாந்தேன். தண்ணீரை நேர் கீழே குனிந்து எடுத்தால் இந்த ஃபில்டர் ஒன்றும் செய்யாது. பிரதிபலிப்பு முழுசாகப் போவதற்கு ஒரு கோணம் இருக்கிறது. தண்ணீருக்கு அது செங்குத்திலிருந்து சுமார் 53 பாகை. டிகிரி கணக்கெல்லாம் படித்துறையில் ஞாபகம் வராது, ஆகவே எனக்கு நானே வைத்துக்கொண்ட அளவு இது: கேமரா தண்ணீருக்கு மூன்றடி மேலே இருந்தால், மீன் நாலடி தள்ளி இருக்க வேண்டும். படியில் உட்கார்ந்து எடுக்க அப்படியே பொருந்துகிறது.

வானத்துக்கு இன்னொரு கணக்கு. சூரியனுக்குத் தொண்ணூறு பாகை பக்கவாட்டில் இருக்கும் வானம்தான் கருநீலமாகும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தாலும் முகத்துக்கு நேரே இருந்தாலும் பலன் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு இது ஒரு சங்கடம். பொதிகை மலை மேற்கே. காலை வெயில் கிழக்கிலிருந்து மலைமேல் அழகாக விழும், எல்லோரும் அப்போதுதான் கேமராவைத் தூக்குவார்கள். அந்த நேரத்தில் சூரியன் சரியாக நம் முதுகில். எவ்வளவு சுற்றினாலும் வானம் அசையாது. வெயில் மண்டையைப் பிளக்கும் உச்சிவேளையில் சூரியன் தலைக்கு மேலே இருப்பதால் அடிவானம் முழுக்கத் தொண்ணூறு பாகைக்கு வந்துவிடும். பகல் பன்னிரண்டு மணிக்குப் படம் எடுக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்பாசமுத்திரம் வயல் நடுவே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, நான் அந்த நேரத்தில்தான் நிற்கிறேன். மலை மேல் படியும் வெள்ளைப் புகைச்சலும் ஓரளவு குறைகிறது. நெற்பயிரின் மேல் மின்னும் வெள்ளை போய் உள்ளே இருக்கும் பச்சை வெளியே வருகிறது.

ஆனால் இந்த ஃபில்டர் முழுத் திறமையையும் காட்டிய இடம் குற்றாலம். சாரல் நாளில் வானம் எப்படியும் சாம்பல்தான், அதைப் பற்றிக் கவலையே இல்லை. ஈரப்பாறை, ஈர இலை இரண்டும்தான் விஷயம். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் பாறை முழுக்க வெள்ளைத் திட்டு. போட்டால் கரும்பாறை கரும்பாறையாக, பாசி பாசியாக வருகிறது. கூடவே ஒரு இலவசம்: இது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). மற்ற இடத்தில் அது குறை, அருவியில் வரம். நிழலான இடத்தில் எட்டில் ஒரு நொடி வந்த ஷட்டர் அரை நொடிக்கு இறங்கியது, தண்ணீர் பால் போல விழுந்தது. வெயில் எட்டிப் பார்த்தபோது சாரலில் ஒரு சின்ன வானவில் துண்டு தெரிந்தது. எடுக்கலாம் என்று வளையத்தைச் சுற்றினேன், வானவில் காணாமல் போய்விட்டது! தண்ணீர்ப் பளபளப்பைப் போல வானவில்லின் ஒளியும் ஒரே திசையில் அதிரும் ஜாதிதான். இன்னும் கால் சுற்று சுற்றியதும் முன்பைவிடப் பளிச்சென்று வந்து நின்றது.

ஆகாத இடங்களும் உண்டு. 10-18 லென்ஸை 10-ல் வைத்து எடுத்தால் வானத்தின் நடுவே மட்டும் கருப்பாக ஒரு திட்டு விழும். ஃபில்டரைக் குறை சொல்ல முடியாது, அத்தனை அகலமான வானத்தின் ஒளி எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒரு திசையில் அதிர்வதில்லை. உலோகப் பளபளப்பை இது தொடாது. அக்கா மகள் கல்யாணத்தில், மண்டபத்துக்கு வெளியே மர நிழலில் எடுத்த படங்களில் கழற்ற மறந்துவிட்டேன். நகை எல்லாம் மின்னுகிறது, பட்டுப்புடவை மட்டும் காட்டன் புடவை போல மங்கிக் கிடக்கிறது. அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். லென்ஸுக்கு ஹூட் மாட்டினால் வளையத்தைச் சுற்ற விரல் நுழையாது என்பது இன்னொரு தொல்லை.

இனி மற்ற மூன்று. கேமரா வாங்கிய அன்றே கூடவே தலையில் கட்டிய யூவி ஃபில்டர் ஒன்று, பெயர் வேண்டாம். டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியே புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும், ஆக இது லென்ஸுக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் இரவு சப்பரத்தை எடுத்தேன். சீரியல் செட் விளக்கு ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் பச்சையாக ஒரு பொட்டு, அம்மன் முகத்திலேயே ஏழெட்டு. கேமரா பழுது என்று பயந்து ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் கேமராவைத் தொடக்கூட இல்லை. "முன்னால இருக்க கண்ணாடியக் கழத்திட்டு எடுங்க" என்றார். பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். சென்சாரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் ஃபில்டரில் மோதி மறுபடி உள்ளே வருவதுதான் அந்தப் பொட்டு. இப்போது அதைக் கடற்கரைக்கு மட்டும் எடுத்துப் போகிறேன். மணப்பாட்டில் உப்புக்காற்று லென்ஸில் படிவதற்குப் பதில் அதில் படியட்டும்.

அடுத்தது வேரியபிள் என்.டி., வெளிச்சத்தை வேண்டிய அளவுக்குக் குறைக்கும் இருண்ட கண்ணாடி. ஒரே ஃபில்டரில் இரண்டு ஸ்டாப்பிலிருந்து எட்டு ஸ்டாப் வரை என்று அட்டையில் போட்டிருந்தது. அது இரண்டு போலரைசரை ஒன்றின் மேல் ஒன்று வைத்த சமாசாரம். கடைசி வரை திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கறுப்பு நிழல் விழுந்தது. விற்றுவிட்டு, அளவு மாறாத என்.டி. 1000 வாங்கினேன், பத்து ஸ்டாப். அறுபதில் ஒரு நொடி பதினாறு நொடி ஆகிறது. மணப்பாடு அலை மொத்தமும் மூடுபனியாக வரும். முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, அப்புறம்தான் ஃபில்டரைத் திருக வேண்டும். மாட்டியபிறகு வியூஃபைண்டரில் எதுவும் தெரியாது. நல்ல பொருள்தான், ஆனால் வருடத்துக்கு நாலு நாள் வேலை.

மணப்பாட்டிலிருந்து திரும்பிய ஒரு தடவை அந்த யூவி ஃபில்டர் லென்ஸோடு ஒட்டிக்கொண்டது. விரலால் அழுத்திப் பிடிக்கப் பிடிக்க வளையம் கோணி இன்னும் இறுகும். கழுவிக் காயவைத்த ரப்பர் செருப்பின் மேல் கவிழ்த்து, சீராக அழுத்தி, கேமராவைத் திருப்பினேன், கழன்றுவிட்டது. போலரைசருக்கு வேறு பக்குவம் வேண்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டிய படலம் என்பதால் காருக்குள் வெயிலில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. என்னுடையதில் நான்கு வருடத்தில் வளையத்தின் ஓரத்தில் ஒரு கீறல், மற்றபடி இன்னும் இழுபறி இல்லாமல் சுற்றுகிறது.

போன மாதம் தம்பி மகன் 55-250 லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, குற்றாலம் போகிறேன் பெரியப்பா, அந்த ஃபில்டரை ரெண்டு நாளைக்குக் கொடுங்கள் என்றான். 58-க்கான ஸ்டெப்-அப் ரிங்கை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.