பொலிவியாவுக்கு எந்த வழியாகப் போவது: லா பாஸா, சாந்தா குரூஸா, தித்திகாகா கரையா?

பொலிவியா போக முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் உயுனி உப்புப் பாலைவனத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்த மாதம் நல்லது, ஜீப்புக்கு எவ்வளவு ஆகும், எத்தனை ராத்திரி தங்கலாம் என்று. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நாட்டுக்குள் எப்படி நுழையப் போகிறீர்கள்? மூன்று வழிகள் இருக்கின்றன. விமானத்தில் நேராக லா பாஸ். கிழக்கே தாழ்நிலத்தில் சாந்தா குரூஸில் இறங்கி மெல்ல மேலேறுவது. பெருவின் குஸ்கோவிலிருந்து தித்திகாகா ஏரி வழியாகத் தரைமார்க்கம். முதல் சில நாட்கள் ஊர் சுற்றுவீர்களா, தலைவலியோடு படுத்துக் கிடப்பீர்களா என்பதை இந்தத் தேர்வுதான் தீர்மானிக்கிறது.

லா பாஸுக்கான விமான நிலையம் எல் ஆல்டோவில், ஏறத்தாழ 4,060 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலைப்பயண மருத்துவம் சொல்லும் பொது விதி. கடலோர லிமாவிலிருந்து விமானம் ஏறி அன்றிரவே லா பாஸில் தூங்குபவர் அந்த விதியை ஒரே தாவலில் மீறிவிடுகிறார். தலைவலி, குமட்டல், தூக்கம் பிடிக்காமல் புரள்வது எல்லாம் அதற்குப் பிறகு வரக்கூடியவை. இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்புக்கு ரொம்ப முடியாமல் போனால் செய்ய வேண்டியது கீழே இறங்குவது. ஆனால் லா பாஸிலிருந்து பக்கத்துத் தாழ்வான ஊரான கொரோய்க்கோவுக்குப் போகும் சாலை முதலில் 4,600 மீட்டருக்கும் மேலே உள்ள கணவாயில் ஏறிவிட்டுத்தான் இறங்குகிறது.

மொத்தமே ஐந்தாறு நாள்தான் லீவு என்றால் லா பாஸைத் தவிர வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் அறையைத் தெற்குப் பகுதியில், கலகோட்டோ பக்கம் எடுங்கள். நகரின் நடுப்பகுதியை விடச் சில நூறு மீட்டர் தாழ்வு என்பதால் ராத்திரித் தூக்கத்தில் வித்தியாசம் தெரியும். 2014-இல் ஓடத் தொடங்கிய கேபிள் கார் இப்போது அந்தப் பக்கமும் வருவதால் செங்குத்துத் தெருக்களில் ஏறி இளைக்க வேண்டியதும் இல்லை.

தித்திகாகா வழி மூன்றிலும் அழகானது. பெருவும் திட்டத்தில் இருந்தால் இதுதான் இயல்பான வழி. குஸ்கோ 3,400 மீட்டர். விமானத்தில் வந்து இறங்கியதும் அங்கே தங்காமல் கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் ஒயாந்தாய்தாம்போவுக்குப் போய்விட்டால் 2,800 மீட்டரில் தூங்கலாம். மச்சு பிச்சு அதைவிடவும் தாழ்வு. அப்புறம் குஸ்கோ, புனோ, எல்லை தாண்டி ஏரிக்கரை ஊரான கோபகபானா என்று படிப்படியாக நகரலாம். கோபகபானாவிலிருந்து லா பாஸ் போகும் வழியில் திக்கினா நீரிணை குறுக்கிடுகிறது. பஸ் அங்கே நின்றுவிடும். பயணிகள் இறங்கிச் சின்ன மோட்டார் படகில் கடக்க வேண்டும். நாம் வந்த பஸ்ஸோ தட்டையான ஒரு மரத்தெப்பத்தில் ஏறி, ஏரியின் மேல் ஆடி ஆடி அக்கரை சேரும். பாஸ்போர்ட்டும் பணமும் இருக்கிற பையை மட்டும் பஸ்ஸில் விடாதீர்கள்.

இந்த வழியின் பலவீனம் மறியல். இரண்டு நாடுகளிலும் போராட்டம் என்றால் முதலில் அடைபடுவது சாலைதான். 2023 தொடக்கத்தில் புனோ பகுதியில் வாரக்கணக்கில் சாலைகள் அடைபட்டன. திரும்பும் விமானத்துக்கு முன்னால் சில நாட்கள் கையில் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

என் ஓட்டு சாந்தா குரூஸுக்குத்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். மாட்ரிட், சாவ் பாவ்லோ இரண்டிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது. நீண்ட பயணக் களைப்பும் உயரமும் ஒரே நாளில் சேர்ந்து தாக்காது. நேரம் இருந்தால் பக்கத்தில் சமாய்பட்டாவில் இரண்டு ராத்திரி தங்கலாம். 1,600 மீட்டர் சுமார், பாறையைக் குடைந்து செதுக்கிய பழங்காலச் சின்னமான எல் ஃபுவர்ட்டே அங்கேதான். அடுத்தது சுக்ரே, 2,800 மீட்டர். சாந்தா குரூஸிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பஸ் என்றால் ராத்திரி முழுக்க வளைவுகள்தான், அதனால் விமானத்தையே சொல்வேன்.

சுக்ரேயில் மூன்று நாளாவது இருங்கள். உடம்பு பழகுவதற்காகச் சும்மா காத்திருக்கிற ஊர் இல்லை அது. 1825 ஆகஸ்ட் 6 அன்று விடுதலைப் பிரகடனம் கையெழுத்தான மண்டபம் நடுச்சதுக்கத்திலேயே இருக்கிறது. ஊருக்கு வெளியே கல் ஓர்க்கோவில் சிமென்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய இடத்தில் ஒரு பெரிய பாறைச்சுவர் வெளிப்பட்டது. அதில் ஆயிரக்கணக்கான டைனோசர் காலடிகள்! ஒரு காலத்தில் நீர்க்கரைச் சேறாகக் கிடந்த தளம் ஆண்டீஸ் எழுந்தபோது சாய்ந்து நிமிர்ந்து, இப்போது கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கிறது. அடிமேல் அடியாகச் சுவரில் ஏறிப்போகும் அந்தத் தடங்களைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

சுக்ரேயிலிருந்து உயுனி போகும் பாதை பொட்டோசி வழியாகத்தான். பொட்டோசி 4,000 மீட்டருக்கும் மேலே, உயுனி 3,650. அதனால் பொட்டோசியைப் பகலில் பார்த்துவிட்டு, தூக்கத்தை உயுனியில் வைத்துக்கொள்வது நல்லது. உப்புப் பாலைவனத்தோடு திரும்பிவிடுகிறவர்களுக்கு அதுவே போதும். மூன்று நாள் ஜீப் பயணம் தெற்கே செந்நிற ஏரியான லகுனா கொலொராடா பக்கம் போகும். அங்கே படுக்கை 4,200 மீட்டருக்கு மேல், ஜூன், ஜூலையில் குளிர் பூஜ்ஜியத்துக்கும் நன்றாகக் கீழே இறங்கும். சுக்ரேயில் பழகிவிட்டு வந்த உடம்புக்கும் நேற்றுதான் லா பாஸில் இறங்கிய உடம்புக்கும் உள்ள வித்தியாசம் அந்த ராத்திரியில் தெரிந்துவிடும். லா பாஸைக் கடைசியில் வைத்துக்கொண்டு அங்கிருந்து ஊர் திரும்பலாம்.

எந்த வழியானாலும் உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள், சல்ஃபா அலர்ஜி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கோகா இலைத் தேநீர் அங்கே எல்லா விடுதியிலும் கிடைக்கும், குடிக்கலாம். இலையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள், இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டுக்கொண்டு சான்றிதழைக் கையில் வையுங்கள். பொலிவியாவிலிருந்து வருகிறவர்களிடம் இந்திய விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.