இருட்டுக்காக ஐம்பது டாலர்: ‘டபுள் இண்டெம்னிட்டி’ 4கே வட்டு

எண்பது ஆண்டுக்கு முந்தைய கறுப்புவெள்ளைப் படத்தை 4கே வட்டில் வாங்குவதற்கு என்ன அவசியம் என்று என் வீட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். பழைய படங்களைப் புதுப்பித்து வட்டில் வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2022 மே மாத இறுதியில் வெளியிட்ட ‘டபுள் இண்டெம்னிட்டி’யின் அட்டை விலை 49.95 டாலர். அந்நிறுவனம் ஆண்டில் சில முறை அறிவிக்கும் பாதி விலைத் தள்ளுபடியில் வாங்கி, விடுமுறைக்கு ஊருக்கு வந்த அத்தை மகனின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவரச் செய்தேன். மூன்று மாதங்களாக அவ்வப்போது போட்டுப் பார்த்தபின் எழுதுகிறேன். இந்தப் பணம் படத்துக்காகக் கொடுத்ததன்று, படத்தை எனக்கு முன்பே மனப்பாடம். அதில் இருக்கும் இருட்டுக்காகக் கொடுத்தது.

என் தலைமுறையில் பலருக்குப் பழைய ஹாலிவுட் அறிமுகமானது தொண்ணூறுகளின் கேபிள் இணைப்பின் வழியாகத்தான். பகலெல்லாம் கார்ட்டூன் ஓடும் அலைவரிசையில் இரவானதும் டி.என்.டி. தொடங்கும், பிள்ளைகள் தூங்கப்போன வீட்டில் ஹம்ப்ரி போகார்ட் சிகரெட் பற்றவைப்பார். வசனம் பாதி புரியாது, ஆனால் லாரன் பக்கால் தாடையைச் சற்றுத் தாழ்த்தி மேல்நோக்கிப் பார்க்கும் பார்வைக்கு மொழி தேவைப்படவில்லை. அந்தப் பைத்தியம் முற்றித்தான் நுவார் என்ற சொல்லையே நான் தெரிந்துகொண்டேன். போர் முடிந்த பிறகு பிரான்சுக்கு மொத்தமாக வந்திறங்கிய அமெரிக்கப் படங்களைப் பார்த்துவிட்டு, 1946இல் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அவற்றில் இருண்ட குற்றக்கதைகள் சிலவற்றுக்குக் ‘கறுப்புப் படம்’ என்ற பொருளில் வைத்த பெயர் அது. அந்தச் சிலவற்றில் இந்தப் படமும் ஒன்று.

பில்லி வைல்டர் இயக்கி 1944இல் பாரமவுண்ட் வெளியிட்ட இப்படத்தின் கதையை ஒளித்துவைத்து எழுத வேண்டிய தேவை எனக்கில்லை, ஏனெனில் படமே ஒளிக்கவில்லை. வால்டர் நெஃப் என்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட் நள்ளிரவில் அலுவலகத்துக்கு வந்து, குரல் பதிவுக் கருவியின் முன் அமர்ந்து, பணத்துக்காகவும் ஃபிலிஸ் என்ற பெண்ணுக்காகவும் அவள் கணவனைக் கொலை செய்ததையும், இறுதியில் இரண்டுமே கிட்டாமல் போனதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். ஐம்பதாயிரம் டாலர் விபத்துக் காப்பீடு, ரயில் விபத்தில் மரணம் நேர்ந்தால் இரட்டிப்பாகும் என்ற, படத்தின் தலைப்பே குறிக்கும் ஒரு நிபந்தனையிலிருந்து கதை முளைக்கிறது. மூலக்கதையை எழுதிய ஜேம்ஸ் எம். கெய்ன் பத்திரிகையாளராக இருந்தவர். 1927இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்பவர் தன் காதலருடன் சேர்ந்து கணவரைக் கொன்ற வழக்கு அதன் வித்து. கதையைத் திரைக்கு எழுத வைல்டருடன் அமர்ந்தவர், அதுவரை திரைக்கதையே எழுதியிராத துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர். இருவருக்கும் துளியும் ஒத்துப்போகவில்லை. படத்தின் வசனம் அவ்வளவு கூர்மையாக அமைந்ததற்கு அந்த உரசலும் காரணம் என்பது என் ஊகம்.

இனி வட்டுக்கு வருவோம். இப்படத்தை நான் முதலில் பார்த்தது நடைபாதைக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய டிவிடியில். அதில் இருட்டு என்றால் தார் பூசியதுபோல ஒரே கறுப்பு. யாராவது அறையின் மூலைக்கு நகர்ந்தால் சட்டை மட்டும் மிதக்கும். பின்னர் இணையத்தில் கிடைத்த பிரதியில் யாரோ வெளிச்சத்தைக் கூட்டியிருந்ததால் இரவு முழுதும் சாம்பல் நிறத்தில் விடிந்திருந்தது. இந்த 4கே மறுசீரமைப்பில் கறுப்புக்குள் அடுக்குகள் தெரிகின்றன. பெயர்கள் ஓடும்போது ஊன்றுகோலில் நம்மை நோக்கி நடந்துவரும் நிழலுருவத்தின் தொப்பி விளிம்பு, கோட்டின் தோள், பின்னணி ஆகிய மூன்றும் மூன்று விதமான கறுப்பாக இருப்பதை இப்போதுதான் கண்டேன். தெருவில் இரவுப் பணியாளர்கள் தண்டவாளத்தைப் பற்றவைக்கும் தீப்பொறிகளைக் கடந்து கார் தாறுமாறாகப் பாயும் முதல் காட்சியில், பொறியின் வெண்மை கண்ணைக் கூசச்செய்யும் அளவுக்கு இருந்தும் அதைச் சுற்றியுள்ள தெரு விழுங்கப்படாமல் நிற்கிறது.

ஒளிப்பதிவாளர் ஜான் எஃப். சைட்ஸின் கைவண்ணத்தை நெருங்கிப் பார்க்க வேண்டுமானால், நெஃப் முதன்முதலாக ஃபிலிஸின் வீட்டுக் கூடத்தில் காத்திருக்கும் காட்சியில் வட்டை நிறுத்திப் பார்க்கலாம். வெளியே கலிஃபோர்னியாவின் உச்சி வெயில். உள்ளே சன்னல் பட்டைகளின் வழியே கீற்றுக் கீற்றாக இறங்கும் ஒளி. அந்தக் கீற்றில் தூசி மிதக்கிறது. துடைக்காத வீடு, பழைய சுருட்டு வாடை, அன்பில்லாத குடும்பம் ஆகிய அத்தனையையும் அந்தத் தூசி சொல்லிவிடுகிறது. உண்மையில் அது தூசியன்று, படப்பிடிப்புக்கு முன் சைட்ஸ் காற்றில் தூவச் செய்த பொடித்த அலுமினியம். முந்தைய பிரதிகளில் வெறும் மங்கலாகத் தெரிந்த இடம் இதில் மினுமினுக்கிறது. ஒவ்வொரு துகளும் ஒளியில் ஒருமுறை மின்னி நிழலுக்குள் அணைவதைப் பின்தொடர முடிகிறது. பட்டை நிழல் நெஃபின் கோட்டின்மேல் சிறைக்கம்பிபோல விழுகிறது என்று எல்லோரும் எழுதியாயிற்று. அந்தக் கம்பிகளுக்கு இடையில் கோட்டின் நெசவு தெரிகிறது என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

நல்லவேளையாகப் படச்சுருளின் இயல்பான துகள்களைத் துடைத்து மெழுகுபோல வழவழப்பாக்கும் வேலையை இதில் செய்யவில்லை. பெரிய திரையில் அருகே அமர்ந்து பார்த்தால் துகள் அசைவது தெரியும். புதுப்படங்களுக்குப் பழகிய கண்ணுக்கு முதல் பத்து நிமிடம் அது குறையாகப் படலாம். ஒன்றிரண்டு இடங்களில், குறிப்பாக ஒரு காட்சி மங்கி அடுத்தது எழும்போது, படம் சற்று மென்மையாகிறது. எனக்கு அது உறுத்தவில்லை.

ஃபிலிஸாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கைப் பற்றி எழுதாமல் படத்தின் தரத்தைப் பற்றி மட்டும் எழுதினால் நான் ரசிகனாக இருப்பதில் பொருளில்லை. புரூக்ளினில் பிறந்து, சிறுவயதிலேயே தாயை இழந்து, பதின்ம வயதில் மேடை நடனக் குழுவில் சேர்ந்து உழைத்து மேலே வந்தவர். ஃபிலிஸ் பாத்திரத்துக்கு அவருக்கு வைத்த வெளிர்நிற விக் அன்றைக்கே கேலிக்கு ஆளானது. ஸ்டான்விக்கை ஒப்பந்தம் செய்தால், ஓவியங்களில் வெண்முடியோடு தெரியும் பழைய அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் வந்து நிற்கிறாரே என்று பாரமவுண்டின் தயாரிப்புத் தலைவர் நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். 4கேயில் அந்த விக் முன்னைவிட அப்பட்டமாகப் பொய்முடி என்று தெரிகிறது, முன்னெற்றிச் சுருள் இழை இழையாக. இது குறையா என்றால், அவள் அணிந்திருக்கும் எல்லாமே பொய் என்று காட்டத்தானே அந்த விக்?

அவருடைய நடிப்பில் நான் மீண்டும் மீண்டும் ஓடவிட்ட இடம் கொலைக் காட்சி. கணவன் அவளுக்குப் பக்கத்து இருக்கையில். பின்னிருக்கையின் கீழே நெஃப் பதுங்கியிருக்கிறான். அவள் கார் ஹாரனை மூன்று முறை அழுத்துகிறாள். நெரிபடும் ஓசை கேட்கிறது, கேமராவோ அவள் முகத்தைவிட்டு நகர்வதேயில்லை. அன்றைய தணிக்கை விதிகள் கொலையைக் காட்ட விடவில்லை என்பதால் கொலையைவிடக் கொடியது ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். பழைய பிரதியில் அவள் சும்மா நேரே பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். இதில் கண்கள் கொஞ்சம் விரிவதும், மூச்சு ஒருகணம் நிற்பதும், பிறகு முகத்தில் ஏதோ ஒன்று நிறைவதும் தெரிகின்றன. ‘அந்த நாள்’ (1954) படத்தில் பண்டரிபாயின் முகத்தில் எஸ். பாலசந்தர் வெளிச்சத்தைப் பாதியும் இருளைப் பாதியுமாக விழவைத்த விதத்தைக் கொண்டாடும் நம்மவர்களுக்கு இந்தக் காட்சியின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் படத்துக்கும் இப்படி ஒரு வட்டு வராதா என்ற ஏக்கமும் கூடவே எழுகிறது.

நெஃபாக நடித்த ஃபிரெட் மக்மரே அதுவரை இலகுவான நகைச்சுவைப் படங்களின் நாயகன். பல நடிகர்கள் மறுத்த பிறகே வைல்டர் அவரைப் பிடித்தார். மறுத்தவர்களில் ஜார்ஜ் ராஃப்டும் ஒருவர். நாயகன் உண்மையில் மாறுவேடத்தில் வந்த போலீஸ்காரன் என்று கோட்டைத் திருப்பி பேட்ஜைக் காட்டும் கட்டம் எப்போது வரும் என்று அவர் கேட்டதாகவும், அப்படி ஒன்று இல்லை என்றதும் எழுந்துகொண்டதாகவும் வைல்டர் சிரித்தபடி சொல்வார். மக்மரேயின் சாதாரணத் தன்மைதான் படத்தின் அச்சாணி. பிணத்தைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது கார் கிளம்ப மறுக்கும் அந்தச் சில நொடிகளில், ஒரு கொலைகாரனுக்காக நாம் பதறுவது அவர் முகம் அண்டைவீட்டுக்காரர் முகமாக இருப்பதால்தான். அந்தக் காட்சி எழுத்தில் இல்லாதது; படப்பிடிப்பு நாளில் வைல்டரின் சொந்தக் கார் கிளம்பாமல் போனதில் பிறந்தது.

எட்வர்ட் ஜி. ராபின்சன் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராயும் கீஸாக வருகிறார். தற்கொலைகளின் வகைகளைப் புள்ளிவிவரப் புத்தகம்போல மூச்சுவிடாமல் அடுக்கும் காட்சியில் ஆங்கிலச் சப்டைட்டிலை இயக்கிவிடுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. தமிழ்ச் சப்டைட்டில் கிடையாது.

ஒலி அன்றைய ஒற்றைத்தட ஒலியே. அதை ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்து ஜிகினா செய்யாமல், ஒலித்தரவைச் சுருக்காமல் கொடுத்திருக்கிறார்கள். மிக்லோஸ் ரோஷாவின் தந்தி இசை தடதடக்கும் இடங்களில் சற்றே கூர்மை கூடுகிறது. நெஃபின் பதிவுக் குரல் மிகத் தெளிவு.

கூடுதல் அம்சங்கள் ஏராளம். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. ஜெர்மன் இயக்குநர் வோல்கர் ஷ்லோண்டோர்ஃப், வைல்டரை உட்காரவைத்து எடுத்த மூன்று பகுதித் தொடர் ஒன்றே தனியாக விற்கத்தக்கது. எண்பது வயதைக் கடந்த பிறகும் கைகளை ஆட்டி ஆட்டி அவர் கதை சொல்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நுவார் ஆய்வாளர்கள் எடி முல்லரும் இமோஜென் சாரா ஸ்மித்தும் உரையாடும் பகுதி ரசிகர்களுக்கான விருந்து. படத்தோடு கூடவே ஒலிக்கும் விமர்சகர் ரிச்சர்ட் ஷிக்கலின் விமர்சன உரை முந்தைய வெளியீட்டிலிருந்து எடுத்தது. நிதானமாக, சில இடங்களில் மிக நிதானமாகப் போகிறது. 2006இல் எடுத்த உருவாக்க ஆவணப்படம் தகவலுக்குச் சரி, இரண்டாம் முறை பார்க்கத் தோன்றாது.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியில் உள்ள 4கே வட்டுக்கு வட்டாரப் பூட்டு இல்லை, இந்தியாவில் வாங்கிய எந்த 4கே கருவியிலும் ஓடும். கூடுதல் அம்சங்கள் அடங்கிய ப்ளூ-ரே வட்டுகளோ அமெரிக்கா அடங்கிய ‘ஏ’ வட்டாரத்துக்கு உரியவை; நாம் ‘சி’. படத்தைப் பார்த்து முடித்துவிட்டு ஆசையாய் அடுத்த வட்டைப் போட்டபோது என் கருவி ஒரு வரிச் செய்தியைக் காட்டிவிட்டு அதை வெளியே தள்ளிற்று. அதை முன்பே விசாரிக்காதது என் தவறு. பிறகு எல்லா வட்டாரங்களையும் ஓட்டும் கருவி வைத்திருக்கும் நண்பர் வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தேன். அவருடைய மனைவி இரண்டாம் வாரம் காபியோடு நிறுத்திக்கொண்டார்.

எடுத்து வெட்டப்பட்ட இறுதிக் காட்சி இதிலும் இல்லை. நெஃபை விஷவாயு அறையில் கொல்வதையும் கீஸ் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பதையும் வைல்டர் பெரும் செலவில் படமாக்கி, இருவரும் வாசலருகே பேசும் முந்தைய காட்சியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று உணர்ந்து நீக்கிவிட்டார். புகைப்படங்கள் மட்டும் மிஞ்சியுள்ளன. அவர் செய்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் ரசிகனின் பேராசை வேறு.

துல்லியம் கூடினால் குட்டும் வெளிப்படும். நெஃப் திருமணமாகாதவன், ஆனால் மக்மரே தம் திருமண மோதிரத்தைக் கழற்ற மறந்திருக்கிறார். அது படம் நெடுக இடக்கையில் பளிச்சென்று மின்னுகிறது. கீஸின் அறைக்கு வெளியே நாற்காலியில் புத்தகத்தோடு அமர்ந்து, கடந்துபோகும் நெஃபை நிமிர்ந்து பார்க்கும் கண்ணாடிக்காரர் சாண்ட்லர்தான் என்பதையும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. சில நொடிகள்தான். என் பழைய டிவிடியில் அவர் ஒரு கறைபோல இருந்தார். இதில் புருவம் வரை தெரிகிறார். இந்த ஒரு இடத்தைக் காட்டத்தான் வீட்டில் உள்ளவர்களை அழைத்து உட்காரவைத்தேன். சாண்ட்லரை யாரும் கண்டுகொள்ளவில்லை. என் மகள் மோதிரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.