வாய்ஸ்மெயில்: கிளவுடா, சொந்த சர்வரா?

எங்கள் பம்ப் சர்வீஸ் அலுவலகத்துக்கு வாய்ஸ்மெயில் தேவைப்பட்டபோது இரண்டு வழிகள் இருந்தன. மாதக் கட்டணம் கட்டி கிளவுட் பிபிஎக்ஸ் (வேறொரு நிறுவனம் இணையம் வழியாக நடத்தித் தரும் அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) எடுக்கலாம், இல்லையென்றால் ஒரு கணினியில் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளைப் போட்டு நாமே ஓட்டலாம். நாங்கள் எடுத்தது இரண்டாவது. மெனு, வசதி, விலை எல்லாம் விற்க வருபவரே சொல்லிவிடுவார். கொள்ளளவுதான் நாமே கணக்குப் போட வேண்டியது.

'இத்தனை மணி நேரச் சேமிப்பு' என்று பெரிதாகப் போடுகிறார்களே, அதற்கு அசரவே வேண்டாம். ஜி.711 என்ற ஒலிப்பதிவு முறையில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு 28.8 எம்பிதான். ஒலியை இன்னும் சுருக்கும் ஜிஎஸ்எம் முறை என்றால் 6 எம்பிக்குள் அடங்கிவிடும். பழைய ஹார்ட்டிஸ்க்கே தாராளம்.

நெருக்கடி வருவது லைனில். ராத்திரி மோட்டார் நின்றுபோனவர்கள் எல்லாம் கடை திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் 30 அழைப்பு, ஒவ்வொன்றும் 90 விநாடி என்றால் 0.75 எர்லாங், அதாவது சராசரியாக முக்கால் லைன் எப்போதும் பிஸி. டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரத்தில் இதைப் போட்டுப் பார்த்தால், 3 லைனில் 100-க்கு மூன்று பேருக்கு எங்கேஜ்டு கேட்கும். 4 லைன் என்றால் ஒருவருக்குக்கூட வராது என்றே சொல்லலாம். அழைப்பு இரு மடங்கானால் 8 லைன் வேண்டியதில்லை, 6 போதும்.

அந்த 90 விநாடியில் வாழ்த்துச் செய்தியின் நீளமும் சேர்ந்திருக்கிறது. 'வணக்கம், தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்' என்று 35 விநாடி இழுப்பதை 15-ஆகக் குறைத்தால், அதே 30 அழைப்புக்கு 3 லைனிலேயே எங்கேஜ்டு 2 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். காசு செலவில்லாமல் கிடைக்கும் கொள்ளளவு இது!

என்னைச் சொந்த சர்வர் பக்கம் சாய்த்தது வேறொன்று. நாங்கள் விசாரித்த கிளவுட் திட்டத்தில், பதிவான செய்தியைப் போனில் கேட்பதும் ஒரு லைனாகக் கணக்காகும். காலையில் இரண்டு மெக்கானிக்குகள் ரிசீவரை எடுத்துக் கேட்க உட்கார்ந்தால், வாடிக்கையாளர் கூப்பிடும் அதே நேரத்தில் 2 லைன் போச்சு. ஆஸ்டரிஸ்க்கில் அவர்கள் உள் எக்ஸ்டென்ஷனில் கேட்பதால் வெளி லைனைத் தொடுவதே இல்லை. மின்னஞ்சலில் வரும் ஒலிக்கோப்பைத் திறந்து கேட்பவர்களுக்கு இந்த வாதம் செல்லாது.

சொந்த சர்வரில் பராமரிப்பு நம் தலையில். அமைப்பை மாற்றாமல் விட்டால் ஆஸ்டரிஸ்க் ஒரு பெட்டியில் 100 செய்திக்கு மேல் வாங்காது. பழையதை அழிக்க ஓர் ஆள் வேண்டும். அப்புறம், அலுவலக இணையம் போனால் எங்கள் எஸ்ஐபி லைனும் (இணையம் வழியாக வரும் போன் இணைப்பு) போய்விடும். கிளவுடில் அப்போதும் செய்தி பதிவாகிக்கொண்டே இருக்கும். நாலைந்து கிளை உள்ளவர்களுக்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். எங்களுக்கு இருப்பது ஒரே கடை என்பதால் அதில் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.